சாமிக்காசு

பொன்னுரங்கம் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை முடிகிற இடத்தில் யாராவது அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டால் அது பெரிய பொய்யாகப் போய்விடும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களில், சில்லறை பாக்கி நின்றால் மறுநாள் ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறவன் அவன் ஒருத்தன்தான். ஒரு தடவை யாரோ வண்டியில் விட்டுப்போன குடையை மாதக்கணக்கில் சீட்டுக்கடியில் வைத்திருந்தான். மழை கொட்டினபோதுகூட அதை விரிக்காமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். பெண்டாட்டி ஆண்டாள் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே ஏன் என்று கேட்டதற்கு, அது அடுத்தவன் குடை என்றான். இப்படிப்பட்ட ஆளை என்ன சொல்ல முடியும்? பைத்தியக்காரன் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆண்டாள் அதைத்தான் சொன்னாள்.

ஊர், நைனார்பாளையம் போகிற பக்கம். கொஞ்சம் குத்தகை நிலத்தில் மரவள்ளி, கறவையில் ஒரு மாடு, கடனில் எடுத்த ஆட்டோ. அந்த வருஷம் மரவள்ளி விலை படுத்துவிட்டதால் ஆட்டோத் தவணை நின்றுபோயிருந்தது. ஃபைனான்ஸ்காரன் போன் பண்ணினால் பொன்னுரங்கம் எடுக்காமல் ஆண்டாள் கையில் கொடுப்பான். அவளும் எடுக்காமல் அடுப்புமேடையில் வைத்துவிடுவாள். அது பாட்டுக்குப் பாடி ஓயும்.

ஆனி மாதம் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. இந்த வருஷம் காப்புக் கட்டிக்கொள்வதாகப் பொன்னுரங்கம் வேண்டியிருந்தான். காப்புக் கட்டிவிட்டால் தேர் முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் அன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் ஓரிரண்டு நடை மட்டும் ஓட்டிவிட்டு, சீக்கிரமே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவ ஆரம்பித்தான். சாயங்காலம் காப்பு. வண்டிக்கும் மஞ்சள் பூசி மாலை போட வேண்டும்.

ஆண்டாள்தான் பின்சீட்டைத் தூக்கினாள். சீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு செருகிக்கொண்டு கிடந்தது. கை கொள்ளாத முடிச்சு. முடிச்சுக்குமேல் முடிச்சாகப் போட்டு, மேலே ஒரு ஒற்றை ரூபாயை வைத்துக் கட்டியிருந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. இவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். பொன்னுரங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தான், செருப்பைக் கழற்றினான், அதற்கப்புறம்தான் எடுத்தான்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மாடு கன்று போடாமல் கிடந்தால், கோர்ட்டில் கேஸ் இழுத்தால், ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பார்கள். வேண்டுதல் நிறைவேறினதும் அது கோயிலுக்குப் போகும். அதுவரைக்கும் வீட்டில் சோற்றுக்கு இல்லாவிட்டாலும் அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள். மஞ்சள் துணியில் முடிந்த காசு சாமிக்காசு. எடுத்தவன் கண் போகும் என்பார்கள்.

உள்ளே கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவிழ்த்தான். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், நூறு ரூபாய்த் தாள்கள், அடியில் ஐம்பதும் இருபதும், கசங்கின பத்து ரூபாய்த் தாள்கள்கூட இருந்தன. எல்லாமாகச் சேர்த்து நாற்பதாயிரம். அந்தப் பத்து ரூபாய்த் தாள்களைப் பார்த்தாவது அவன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். சாமிக்கு நேர்ந்துகொள்கிறவன் எவன் பத்தும் இருபதுமாக வீடு வீடாகப் பொறுக்கிச் சேர்ப்பான்? ஆனால் மஞ்சள் துணி கண்ணை மறைத்துவிட்டது.

ஆண்டாள் யோசித்தாள். பெண்களுக்கு இதில் கொஞ்சம் புத்தி ஜாஸ்தி.

“பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நடை போயி கேட்டுட்டு வந்துடுங்க,” என்றாள். “சாயங்காலம்தான காப்பு. யாரு வயிறு எரிஞ்சிகினு தேடறாங்களோ.”

போயிருக்கலாம். நேரம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய். ஆனால் பொன்னுரங்கம் ஆயிரம் காரணம் சொன்னான். மஞ்சள் முடிச்சு என்று வாயைத் திறந்தால் பத்துப் பேர் என்னுது என்று வருவார்கள், அதில் எவனை நம்புவது? ஸ்டேஷனில் கொடுக்கலாம் என்றால் அவனுக்கு ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே பயம். இது அம்மனுக்கு நேர்ந்த காசு, காப்புக் கட்டுகிற அன்றைக்கு நம் வண்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால் இதற்குமேல் அவள் எப்படிச் சொல்வாள் என்று ஆண்டாளையே திருப்பிக் கேட்டான்.

நிஜக் காரணம் வேறு. முடிச்சைத் தூக்கினபோதே ஆட்டோத் தவணை அவன் நெஞ்சில் வந்து நின்றுவிட்டது. சொந்தக்காரன் கிடைக்காமல் இந்தக் காசைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தால், ராத்திரி பூரா அது சாமி மாடத்தில் இருந்து கூப்பிடும். ஒரு வாரம் தாங்குவான், அடுத்த வாரம் கை நீளும். தன் கையைப் பற்றி அவனுக்குத் தெரியும். அதனால் காசைச் சீக்கிரம் கண்காணாமல் அனுப்பிவிட வேண்டும் என்று துடித்தான். தன் கை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. காசு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது.

சாயங்காலம் காப்புக் கட்டுகிறபோது, ஊரே நிற்க, அம்மன் முன்னால் முடிச்சை வைத்தான். கோயில் தர்மகர்த்தா தங்கதுரை, கரும்பு வைத்திருக்கிற பெரிய விவசாயி, விஷயத்தைக் கேட்டு முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் மைக்கை வாங்கி, அடுத்தவன் காசு ஒரு ரூபாய் கிடைத்தாலும் அமுக்குகிற இந்தக் காலத்தில் நம் ஊரில் இப்படி ஒரு ஆள் இருக்கிறான் என்று சொல்லி, பொன்னுரங்கத்தின் தலையில் பரிவட்டம் கட்டினார். அந்த ஊரில் பரிவட்டம் நாலு பெரிய வீட்டுக்குத்தான். குத்தகைக்காரன் தலையில் ஏறினது அதுதான் முதல் தடவை. பொன்னுரங்கத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. திருவிழா முடிகிற வரைக்கும் போகிற இடமெல்லாம் அவனுக்கு நாற்காலி போட்டார்கள்.

அந்த நாட்களில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு மலைக்காரப் பெண் தினமும் வந்து, ஒவ்வொரு ஷேர் ஆட்டோவாகச் சீட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். முதல் நாள் டிரைவர்கள் காட்டினார்கள். அப்புறம் அலுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் விரட்டினான். காப்பு அவிழ்த்துவிட்டுப் பொன்னுரங்கம் வண்டியோடு ஸ்டாண்டுக்கு வந்த அன்று, அந்த அம்மா வந்துவிட்டது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் நேராக இவன் வண்டிக்கு வந்தாள். ஒல்லியான பெண், நாற்பதைத் தாண்டியிருப்பாள், கையில் ஒரு ஒயர்கூடை. எதைத் தேடுகிறாய் என்று பொன்னுரங்கம் கேட்டான்.

“மஞ்சத் துணிண்ணா,” என்றாள். “முடிச்சி. மேல ஒரு ரூபா வச்சி கட்டியிருப்பேன்.”

பொன்னுரங்கம் சாவியைப் பிடுங்கிவிட்டு வண்டியை விட்டுக் கீழே இறங்கினான். ஸ்டாண்டுக்கு வெளியே இருக்கிற டீக்கடைப் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். டீ வாங்கிக் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை, சூடு ஆறுகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள்.

பேர் ஆயம்மாள். கரியாலூருக்கு அந்தப் பக்கம், மலையில் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். புருஷன் சின்னதுரை. மிளகு பறிக்கிற வேலை, தங்கிச் செய்ய வேண்டும், கூலி ஜாஸ்தி என்று ஒரு மேஸ்திரி அட்வான்ஸ் கொடுத்து, பொங்கல் கழிந்து நாலைந்து பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். போய் இறங்கின இடம் ஆந்திராக் காடு. செம்மரம் வெட்டச் சொல்லிக் கோடாலியைக் கையில் கொடுத்தார்கள். மரம் விழுவதற்கு முன்னால் போலீஸ் வந்துவிட்டது. மேஸ்திரி ஓடிவிட்டான், வழி தெரியாத சின்னதுரை மாட்டிக்கொண்டான். அன்றையிலிருந்து ஜெயில். கள்ளக்குறிச்சி வக்கீல் ஒருத்தர், ஆந்திராவில் தனக்குத் தெரிந்த வக்கீலை வைத்து ஜாமீன் வாங்கித் தருவதாகச் சொன்னார். அடுத்த வாய்தாவுக்குள் பணம் வேண்டும் என்றார். ஆயம்மாள் ஆடுகளை விற்றாள், வரப்போகிற கடுக்காயை இப்போதே விலை பேசிக் கொடுத்தாள், மிச்சத்துக்கு ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்தப் பத்து ரூபாய்த் தாள்கள் அப்படி வந்தவை. வக்கீலிடம் கொடுக்கத்தான் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினாள். நெரிசலில் யாரோ அவள் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள், முடிச்சைப் பின்னால் இடுக்கிக்கொண்டாள். கோர்ட் வாசலில் இறங்கி வண்டி போன பிறகுதான் மடி வெறுமையாக இருப்பது தெரிந்தது.

மஞ்சள் துணியில் ஏன் கட்டினாய் என்று பொன்னுரங்கம் கேட்டான். வேறு எதைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“திருடன் எடுத்தாலும் சாமிகாசுன்னு பயந்துகினு போட்டுட்டுப் போயிடுவான்னு ஒரு நெனப்புண்ணா,” என்றாள் ஆயம்மாள். “எங்க வூட்ல பெரிய காசுன்னா அப்பிடித்தான் எடுத்துக்கினு போவோம்.”

என்ன சொல்வது இதற்கு! திருடனுக்காகப் போட்ட முடிச்சு நல்லவன் கையில் மாட்டிக்கொண்டது. திருடன் எடுத்திருந்தால்கூட பாதியைச் செலவழித்துவிட்டு மீதியோடு பிடிபட்டிருப்பான். இவன் எடுத்ததோ முழுசாகப் போய்விட்டது.

அவன் மறைக்கவில்லை. நான்தான் எடுத்தேன், எங்கள் ஊர் அம்மனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அப்படியே சொன்னான். பரிவட்டம் கட்டினதை மட்டும் சொல்லவில்லை. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், நாலு பேர் கூடுவார்கள் என்று தலையைக் குனிந்து காத்துக்கொண்டிருந்தான். ஆயம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். முகம் தெளிந்துவிட்டது.

“அப்ப காசு பத்திரமாத்தான் இருக்குது,” என்றாள். “நான் இன்னான்னாவோ நெனச்சி சோறு தண்ணி இல்லாம கெடந்தேன். சாமிகிட்டதான இருக்குது. எப்பண்ணா வாங்கித் தருவ?”

இந்த வாரத்துக்குள் வாங்கித் தருகிறேன், நீ நிம்மதியாக ஊருக்குப் போ என்றான் பொன்னுரங்கம். அவள் அவன் போன் நம்பரைக்கூடக் கேட்கவில்லை. பையன் வீரமணி காலையிலிருந்து சாப்பிடாமல் இருப்பான், ஐடிஐ படிக்கிறான், போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மலை பஸ்ஸுக்கு ஓடினாள். போகிற போக்கில் திரும்பி ஒரு கும்பிடு வேறு போட்டாள். அந்தக் கும்பிடுதான் அவனைக் கொன்றது.

அன்றைக்கே தங்கதுரை வீட்டுக்குப் போனான். பணம் இன்னும் செலவாகவில்லை, கோயில் பெட்டியில்தான் இருந்தது. ஆனால் தங்கதுரை தலையைச் சொறிந்தார். தான் ஒருத்தராக முடிவு பண்ண முடியாது, அம்மன் காலடியில் வைத்ததைத் திருப்பி எடுத்த வழக்கம் இந்த ஊரில் இல்லை, ஊரைக் கூட்டலாம் என்றார். ஊர் கூடினது. பாவம்தான், மலைக்காரி வயிற்றெரிச்சல் நமக்கு வேண்டாம், கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். போன தடவை கோயில் பணத்தில் கைவைத்த வருஷம் ஏரி வறண்டதை வேறு சிலர் ஞாபகப்படுத்தினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, எல்லாருக்கும் பயம். வெங்கடேசன் என்று ஒருத்தன், பொன்னுரங்கத்துக்குப் பங்காளி முறை, பரிவட்டம் கட்டினதிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தவன், சமயம் பார்த்துக் கேட்டான்.

“கடைத் தேங்காய எடுத்து வழிப் புள்ளையாருக்கு ஒடச்சிட்டு, மாலையும் வாங்கிக்கினு, இப்ப தேங்காய்க்காரன் வந்துட்டான்னா புள்ளையாரு பொறுப்பா?”

ஊர் சிரித்தது. பொன்னுரங்கம் சிரிக்கவில்லை, வெங்கடேசன் சொன்னதில் தப்பும் இல்லை.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளை அரளியும் செவ்வரளியும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவது. வெள்ளை வந்தால் திருப்பிக் கொடுக்கலாம், சிவப்பு வந்தால் அம்மன் வைத்துக்கொள்கிறாள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து விரித்தார். சிவப்பு. பொன்னுரங்கம் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கெஞ்சினான். சாமியைச் சந்தேகப்படுகிறாயா என்று அதட்டினார்கள். சாமி பாவம், அவளை யார் கேட்டார்கள்? ஊரே கையில் வைத்துக்கொண்டிருந்த முடிவை ஒரு அரளிப்பூவின் தலையில் கட்டிவிட்டுக் கலைந்து போனார்கள். தங்கதுரை மட்டும் வழியில் மறித்து, தன் மடியிலிருந்து இரண்டாயிரம் எடுத்து, என்னால் ஆனது இதுதான் என்று கையில் திணித்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆண்டாள் ஒரே பேச்சாகச் சொன்னாள்.

“மாட்ட வித்துடலாம். நாளைக்கே.”

அவள் அன்றைக்குச் சொன்னபடி விற்றிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் பொன்னுரங்கம் கணக்குப் போட்டான். மாடு போனால் பால் காசு போகும், பால் காசு போனால் தவணை போகும், தவணை போனால் வண்டி போகும். சந்தையில் மாட்டு விலை இப்போது கம்மி, கொஞ்சம் பொறுத்தால் ஏறும் என்றான். தங்கதுரையிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்றான், பேசினான், அவர் கையை விரித்தார். தெரிந்தவர்களிடம் கைமாற்று கேட்கிறேன் என்று சொல்லிப் போய், கேட்காமலே திரும்பி வந்தான். வாரம் ஒன்று போயிற்று. அவன் சொன்ன கெடு முடிந்ததும் ஆயம்மாள் ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள். பொன்னுரங்கம் தூரத்திலிருந்தே ஒயர்கூடையைப் பார்த்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவன், மறுநாளிலிருந்து சின்னசேலம் ரூட்டுக்கு மாறிவிட்டான்.

இதுதான் அவன் செய்த பெரிய பாவம். காசைக் கோயிலில் போட்டது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது. நல்லவன்தான், யார் இல்லை என்றார்கள்? நல்லவனுக்குத் தன்னைப் பற்றி ஒரு பெரிய நினைப்பு இருக்கிறது. அது உடைந்த முகத்தோடு அவளுக்கு முன்னால் போய் நிற்க அவனால் முடியவில்லை. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். ஆண்டாள் தட்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கு வைப்பாள். கோயில் பக்கமே அவன் போவதை நிறுத்திவிட்டான்.

இன்னொரு வாரமும் போனபோது ஆண்டாள் அவனைக் கேட்கவில்லை. சந்தை நாள் காலையில் மாட்டை அவிழ்த்து அவளே ஓட்டிக்கொண்டு போனாள். மாடு வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பி இழுத்ததாம், அவளும் அழுதுகொண்டே இழுத்துக்கொண்டு போனாளாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். வருகிற வழியில் காதில் கிடந்ததையும் அடகு வைத்துவிட்டு, வேப்பங்குச்சி செருகின காதோடு வந்து, பணத்தை அவன் மடியில் போட்டாள்.

“போயி குடுத்துட்டு வாங்க. குடுக்காம வூட்டுக்கு வராதீங்க.”

பஸ் ஸ்டாண்டில் விசாரித்தான். மலைக்காரம்மா நாலைந்து நாளாக வருவதில்லை என்றார்கள். வக்கீல் வாய்தா எப்போது என்று இவன் கேட்டுவைத்துக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கரியாலூர் பஸ்ஸைப் பிடித்தான். கோமுகி அணை தாண்டி, வளைவுக்கு வளைவு பஸ் உறுமி ஏறுகிறபோது, அவன் மனசும் கொஞ்சம் கொஞ்சமாக லேசாயிற்று. காசு முழுசாக இருக்கிறது. கொஞ்சம் லேட், அவ்வளவுதான். காலில் விழுந்துவிடலாம், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் வக்கீலிடம் தானே கூட்டிக்கொண்டு போகலாம். அருவி பார்க்க வந்த கூட்டம் பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வந்தது. அதுகூட அவனுக்குத் தொந்தரவாக இல்லை.

கரியாலூரில் இறங்கி, கேட்டுக் கேட்டு, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவில் நடந்து போய்ச் சேர்ந்தான். ஆயம்மாள் வாசலில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். கோபம் இல்லை. வாண்ணா என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ரொம்ப தூரம் நடந்தாயா என்று கேட்டாள்.

அவன் உட்காராமலேயே பணத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். அம்மன் தரவில்லை, இது என் வீட்டுக் காசு, முழுசாக இருக்கிறது, லேட் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள் தங்கச்சி என்றான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கத்தியை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் பாட்டுக்குச் சொன்னாள்.

வக்கீலுக்குப் பணம் கட்டியாயிற்று. வாய்தாவுக்கு முந்தின நாள் கட்டியாயிற்று. ஜாமீனும் கிடைத்துவிட்டது, சின்னதுரையை வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். பொன்னுரங்கம் அதைக் கேட்டதும் அப்பாடா என்று உட்கார்ந்தே விட்டான். பணம் எப்படிக் கிடைத்தது என்று சந்தோஷமாகக் கேட்டான்.

“மேஸ்திரி குடுத்தான்,” என்றாள்.

எந்த மேஸ்திரி என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. அவளே சொல்லி முடித்தாள். இவன் வருவான் வருவான் என்று அவள் ஸ்டாண்டில் நின்று நின்று வெறுங்கையோடு திரும்பினாள். வீரமணி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அவள் திரும்பி வந்தபோது அட்வான்ஸ் பணத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தான். அவள் காலைப் பிடித்தாள், தலையை முட்டிக்கொண்டாள். அப்பா வரட்டும், நான் ஒரே ஒரு நடை போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, புத்தகப் பையில் துணியை அடைத்துக்கொண்டு லாரி ஏறிவிட்டான். போன அன்றோடு போன் நின்றுவிட்டது. அந்த லாரியைப் பிடித்துவிட்டார்கள் என்று ஒருத்தன் சொல்கிறான். காட்டுக்குள் சிதறி ஓடினார்கள், சுட்டார்கள் என்று இன்னொருத்தன் சொல்கிறான். மேஸ்திரி வீட்டு வாசலில் போய், கடுக்காய்க் கொல்லையையே எழுதித் தருகிறேன், என் பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று கேட்டிருக்கிறாள். கொல்லை வேண்டாம், ஆள் போயாச்சு என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

பொன்னுரங்கம் கையில் பணம் அப்படியே இருந்தது. எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தரையில் வைத்தான், திரும்ப எடுத்தான். நான் ஆந்திராவுக்குப் போய் விசாரிக்கிறேன், தேடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னான். ஆயம்மாள் அவன் பேசி ஓய்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு இவன் மேல் ஆத்திரமே இல்லை, இவன் ஏதோ தனக்கு உதவி பண்ண வந்த பெரிய மனுஷன் மாதிரியே பார்த்தாள்.

“வெள்ளிக்கெழம அவரு வந்துடுவாருண்ணா,” என்றாள். “உள்ள நொழஞ்சதும் புள்ள எங்கன்னுதான் கேப்பாரு. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. நீ ஒரு நாலு எடம் போய்வந்த ஆளு. நான் இன்னா சொல்லட்டும், நீயே சொல்லிட்டுப் போ.”

பொன்னுரங்கம் வாயைத் திறந்தான். அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.